கணினியைப் பாவிக்கத் தெரிந்தால் போதுமா?

நமது நாட்டில் ஒருவருக்குக் கணினி அறிவு இருக்கிறதா இல்லையா என்பதைத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் எப்படித் தீர்மானிக்கிறது தெரியுமா? 5 வயது முதல் 69 வயது வரையிலான ஒருவர் தானாகவே கணினியைப் பாவிக்கக் கூடியவராக இருந்தால் அவர் கணினி அறிவுள்ளவர். ஐந்து வயதுப் பிள்ளை தனியாக இருந்து கணினியில் ஒரு விளையாட்டு விளையாடினாலும் அந்தப் பிள்ளையும் கணக்கில் சேர்ந்துவிடும். இவ்வளவு இலகுவான அளவுகோலை வைத்து அளந்தும், நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்று பிரிவுகளில் தோட்டப் பிரிவுதான் கடைசியில் நிற்கிறது. பதுளை, பசறை, ஹாலிஎல, அப்புத்தளை என்று நாம் வாழும் ஊர்களைச் சுற்றி இருப்பவை அந்தத் தோட்டங்களே.

கடைசியில் நிற்பவர்களை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் எனக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பாவிக்கத் தெரிவது மட்டும்தானா அறிவு? கணினிக்குள் ஓடுவது என்ன, அதை யார் எழுதினார்கள், அதை மாற்ற முடியுமா என்று கேட்கத் தெரிய வேண்டாமா? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்தில் இருந்து வரவில்லை. ஒரு பழைய மடிக்கணினியில் இருந்து வந்தது.

சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேற்றுக்காகக் காத்திருந்த நாட்களில், பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் ராத்தா தனது பழைய மடிக்கணினியை எனக்குத் தந்தார். அதில் இருந்த விண்டோஸ் திறந்து முடிவதற்குள் ஒரு தேநீர் குடித்துவிடலாம். “இதையெல்லாம் அழிச்சுப்போட்டு ஜென்டூ போட்டுப் பார். சரிவராட்டி நான் வேற ஏதாவது போட்டுத் தாறன்” என்றார்.

ஜென்டூ என்பது லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பணிசெயல் முறைமை. டானியல் ரொபின்ஸ் என்பவர் தொடக்கிய இதன் 1.0 பதிப்பு 2002 மார்ச்சில் வெளிவந்தது. பென்குவின்களில் மிக வேகமாக நீந்தும் இனத்தின் பெயரை இதற்கு வைத்தார்கள். மற்றப் பணிசெயல் முறைமைகள் ஆயத்தமாக்கப்பட்ட நிலையில் நம் கைக்கு வருகின்றன. ஜென்டூவிலோ பெரும்பாலான மென்பொருள்கள் மூலக் குறிமுறையாக, அதாவது மனிதர் எழுதிய வரிகளாகவே வருகின்றன. அவற்றை இயந்திர மொழிக்கு மாற்றும் வேலையை நம்முடைய கணினியே செய்ய வேண்டும். அந்த வேலையைச் செய்யும் மென்பொருளுக்குத் தொகுப்பான் என்று பெயர்.

இதை உம்மாவுக்கு விளங்கப்படுத்த வட்டிலப்பம்தான் உதவியது. கடையில் வாங்கிய வட்டிலப்பத்தைச் சாப்பிட்டு, முட்டை இத்தனை, கருப்பட்டி இவ்வளவு, தேங்காய்ப்பால் இவ்வளவு என்று ஊகிக்கலாம். ஆனால் அவித்து இறக்கிய பிறகு முட்டையை வேறாகவும் கருப்பட்டியை வேறாகவும் எடுக்க முடியாது. செய்முறை நம் கையில் இருந்தால் கதை வேறு. என்ன சேர்கிறது என்று பார்க்கலாம். வாப்பாவுக்குச் சீனி வருத்தம் என்றால் இனிப்பைக் குறைக்கலாம். ஆயத்தமாக வரும் மென்பொருள் கடை வட்டிலப்பம். மூலக் குறிமுறை செய்முறை. தொகுப்பான் அடுப்பு.

சொல்ல இலகுதான். செய்து முடிக்க எனக்கு நான்கு நாட்கள் சென்றன. தரவிறக்கத்தை இரவு நேர டேட்டாவில் செய்தேன். பகலில் கணினியைத் தொகுக்க விட்டேன். தொகுப்பானையே தொகுக்கப் பல மணித்தியாலம். பயர்பொக்ஸ் உலாவிக்கு மட்டும் ஓர் இரவும் மறுநாள் பகலும். இடையில் நினைவகம் போதாமல் ஒருமுறை நின்றும் போனது. மடிக்கணினியின் விசிறி ஓயாமல் சத்தமிட்டது. “என்ன மகள், இரவு முழுக்க இந்தச் சாமான் மூச்சு வாங்குது?” என்று உம்மா எழும்பி வந்து கேட்டார். வாப்பாவின் கவலை மின்சாரக் கட்டணம். சாஜரில் எழுதியிருந்ததைக் காட்டி அவருக்குக் கணக்குச் சொன்னேன். 65 வாற்று. தொடர்ந்து 15 மணித்தியாலம் முழு வலுவில் ஓடினாலும் ஓர் அலகை எட்டாது. வாப்பா கடைக்காரர். கணக்குச் சரியென்றால் மறுபேச்சில்லை.

மூன்றாம் நாள் கணினியை மீளத் தொடக்கினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி, “கெர்னல் பெனிக்” என்று ஒரு வரியில் நின்றுவிட்டன. கெர்னல் என்பது பணிசெயல் முறைமையின் கருப்பகுதி. அதை நானே தெரிவு செய்து தொகுத்திருந்தேன். வன்தட்டை வாசிக்கத் தேவையான பகுதியைச் சேர்க்க மறந்துவிட்டேன். வன்தட்டு எங்கே என்று கணினிக்கே தெரியவில்லை. மூன்று தடவை இப்படி நின்றது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கடைசி வரிகளைக் கொப்பியில் எழுதி, அர்த்தம் தேடி, திருத்தினேன். நான்காவது தடவை என் பெயரைக் கேட்டது.

அந்த நான்கு நாட்களில் நான் ஒரு விடயத்தைக் கற்றுக்கொண்டேன். கணினி “வேலை செய்யவில்லை” என்று நாம் சொல்லும்போது, உண்மையில் அது தனக்கு என்ன குறை என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் கேட்க நமக்கு யாரும் பழக்கவில்லை. நாம் பெட்டியை மூடி, திரும்பத் திறந்து, கடைசியில் திருத்துபவரிடம் கொண்டுபோகிறோம்.

இன்னொன்றும் கற்றேன். ஜென்டூவில் ஒவ்வொரு வசதியையும் வேண்டும் அல்லது வேண்டாம் என்று நாமே ஒரு கோப்பில் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் அச்சுப்பொறி இல்லை. அந்தச் சொல்லுக்கு முன் ஒரு கழித்தல் குறி போட்டேன்; அந்த வசதி தேவையில்லாமல் எதிலும் சேரவில்லை. மொழிக்கென்று ஒரு வரி இருக்கிறது. அதில் தமிழுக்குரிய இரண்டெழுத்துக் குறியைச் சேர்த்தேன். பல மெனுக்கள் தமிழில் வந்தன. அந்தத் தமிழை எந்தக் கம்பனியும் பிச்சையாகத் தரவில்லை. மூலக் குறிமுறை திறந்திருந்ததால், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வேறு நாடுகளிலும் இருந்த தமிழர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் இருந்து சொல் சொல்லாக மொழிபெயர்த்துச் சேர்த்தது அது.

இதெல்லாம் ஒரு பிள்ளையின் விடுமுறை விளையாட்டு என்று நீங்கள் நினைக்கலாம். வாப்பாவின் கடையில் ஒருநாள் கேட்ட பேச்சு இல்லாதிருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

கடைக்குச் சாமான் வாங்க வரும் தோட்டத்து அக்கா ஒருவர் அன்று கொழுந்து நிறுவையைப் பற்றிப் பேசினார். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று நிறுவையில் கழிப்பது பற்றிய முறைப்பாடு மலையகத்தில் புதிதல்ல. அவர்களின் தோட்டத்தில் அண்மையில் மின்னணுத் தராசு வந்திருந்தது. “முந்தி முள்ளு ஆடுறதயாவது கண்ணால பாத்தோம் மொதலாளி. இப்ப நம்பர் மட்டுந்தான் தெரியுது. அந்த நம்பர் எப்புடி வருதுன்னு யாருக்குத் தெரியும்?” என்று கேட்டார்.

வாப்பா தன் தராசில் இருந்த முத்திரையைக் காட்டினார். கடைத் தராசுகளை ஆண்டுதோறும் சோதித்து அரசாங்கம் முத்திரை இடுகிறது. நியமப் படிக்கல்லை வைத்துப் பார்த்தால் தராசு சரியா பிழையா என்று தெரிந்துவிடும் என்றார் வாப்பா. உண்மைதான். ஆனால் மென்பொருளுக்கு, தன்னைச் சோதிக்கிறார்கள் என்பதை அறிந்துகொள்ளவும் முடியும். 2015 செப்டெம்பரில் வொக்ஸ்வாகன் கார்களில் வெளிவந்தது அதுதான். சோதனைச்சாலையில் ஓடும்போது புகையைக் குறைத்து, தெருவில் ஓடும்போது கூட்டிவிடும் மென்பொருளை அந்த டீசல் கார்களுக்குள் வைத்திருந்தார்கள். அந்தத் தோட்டத்துத் தராசு பிழை என்று நான் சொல்லவில்லை. அது சரியாகவே இருக்கலாம். சரி என்று அந்த அக்காவுக்குக் காட்ட வழி இல்லை என்பதே என் கவலை.

கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பிரித்தானியாவின் தபாலகங்கள் சாட்சி. அங்கே 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைப் பாவித்தார்கள். அதில் இருந்த பிழைகளால் சிறு தபாலகங்களை நடத்தியவர்களின் கணக்கில் பணம் குறைவதாகக் காட்டியது. “நாங்கள் எடுக்கவில்லை” என்று அவர்கள் சொன்னதை யாரும் ஏற்கவில்லை. 900 இற்கும் அதிகமானோர் களவு, மோசடி, பொய்க்கணக்கு என்று குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2019 டிசெம்பரில். அவர்களின் குற்றத் தீர்ப்புகளை மொத்தமாக நீக்கச் சட்டம் வந்தது 2024 இல். உள்ளே இருந்ததைப் பார்க்க முடியாத நிலையில் இருந்தவர்கள் இருபது வருடங்களைத் தொலைத்தார்கள்.

திறந்து வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் காணாமற்போனோர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த உதவி எங்கே தேவை என்பதைப் பதிய இலங்கைக் கணினி நிபுணர்கள் தொண்டர்களாகச் சேர்ந்து ஒரு மென்பொருளை எழுதினார்கள். அதன் பெயர் சஹன. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் அதனை முன்னெடுத்தது. மூலக் குறிமுறையை மூடி வைத்து விற்காமல் உலகுக்குத் திறந்துவிட்டார்கள். அதனால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் அது உதவியது. சமூக நலனுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006 ஆம் ஆண்டு விருது அதற்குக் கிடைத்தது.

2014 ஒக்டோபர் 29 அன்று நமது மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. நாங்கள் அப்போது சிறு பிள்ளைகள். காணாமற்போனோர் நூற்றுக்கணக்கில் என்று முதலில் சொன்னார்கள். பின்னர் அந்தத் தொகை மாறிக்கொண்டே போனது. யார் இருந்தார்கள், யார் இல்லை என்ற பட்டியல் எவ்வளவு பெரிய விடயம் என்பது மலைச்சரிவில் வாழும் நமக்குத் தெரியும். அப்படி ஒரு பட்டியலை ஆக்கும் மென்பொருள் நம் நாட்டிலேயே திறந்து கிடக்கிறது. அதை எடுத்து, தமிழாக்கி, ஊவாவுக்கு ஏற்றபடி மாற்றத் தெரிந்த பிள்ளைகள் எங்கள் பாடசாலைகளில் எத்தனை பேர்?

இனி எதிர்ப்பக்கத்தையும் பேசுவோம். நான் சொல்வது முழுக்கச் சரி என்று எனக்கே தோன்றவில்லை.

முதலாவது, நேரம். உயர்தரத்துக்குப் படிக்கும் பிள்ளை பாடம், மேலதிக வகுப்பு, மீட்டல் என்று ஓடும்போது ஓர் உலாவியைத் தொகுக்க ஒரு நாளைக் கொடுக்க முடியாது. உண்மை. நானும் இப்போது தினமும் பாவிப்பது ஆயத்தமாக வரும் ஒரு லினக்ஸ்தான். ஜென்டூவை நடத்துபவர்களே 2023 டிசெம்பரில் இருந்து தொகுத்த பொதிகளையும் தருகிறார்கள். ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்கிறேன்; காலமெல்லாம் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை.

இரண்டாவது, மூலக் குறிமுறை கையில் இருந்தாலும் அதை யார் வாசிப்பது? லினக்ஸ் கெர்னல் மட்டும் 3 கோடி வரிகளுக்கும் மேல். ஒரு மனிதர் வாசித்து முடிக்க முடியாது. வாசித்தாலும் போதாது. யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தொம்சன், 1984 இல் வெளியான தனது டியூரிங் விருது உரையில் இதை விளக்கினார். மூலக் குறிமுறையில் எந்தத் தடயமும் இல்லாமல், தொகுப்பானுக்குள்ளேயே கள்ளக் கதவை ஒளித்து வைக்கலாம். செய்முறை சுத்தமாக இருந்தும் அடுப்பு நஞ்சு கலந்தால் என்ன செய்வது?

2024 மார்ச் 29 அன்று வெளிவந்த விடயம் இதற்கு நல்ல பாடம். எக்ஸ்இசட் என்ற சிறிய, திறந்த மென்பொருளின் பொறுப்பாளரிடம் ஒருவர் இரண்டு வருடங்களுக்கும் மேலாக உதவி செய்து நம்பிக்கையைப் பெற்றார். பிறகு வெளியீட்டுப் பொதிக்குள் ஒரு கள்ளக் கதவை வைத்தார். தானே தொகுத்துக்கொள்கிறேன் என்பவரும் அதே பொதியைத்தான் எடுத்திருப்பார். உலகின் எண்ணற்ற சேவையகங்களுக்குள் அது போயிருக்கும். அன்ட்ரெஸ் பிரொயின்ட் என்ற பொறியியலாளர், தன் கணினிக்குள் நுழைய வழமையைவிட அரைச் செக்கன் அதிகம் எடுப்பதைக் கவனித்து, ஏன் என்று தேடிப் போய்க் கண்டுபிடித்தார்.

இந்தச் சம்பவத்தை இரண்டு பக்கத்தாரும் தமக்குச் சாதகமாகச் சொல்லலாம். திறந்த மென்பொருளும் பாதுகாப்பில்லை என்பது ஒரு பக்கம். திறந்திருந்ததால்தான் அவரால் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது என்பது மறுபக்கம். நான் எடுத்துக்கொள்வது வேறு. அந்த அரைச் செக்கனைப் பார்த்தவருக்கு, “கணினி அப்படித்தான்” என்று விட்டுவிடாத மனம் இருந்தது. உள்ளே போகும் வழியும் தெரிந்திருந்தது. ஊரில் எல்லோரும் வைத்தியராக வேண்டியதில்லை. ஒரு வைத்தியரும் இல்லாத ஊரில்தான் பிழை. அதுபோல எல்லோரும் மூலக் குறிமுறை வாசிக்க வேண்டியதில்லை. வாசிக்கத் தெரிந்த சிலராவது நம்மவர்களில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, பெற்றோரின் கேள்வி. பெண் பிள்ளைக்கு இது எதற்கு? மனிதருக்கு இலகுவான குறியீடுகளில் எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் வேலையை இயந்திரத்திடமே கொடுக்கலாம் என்று காட்டிய முன்னோடி ஒரு பெண். கிரேஸ் ஹொப்பர் 1952 இல் ஏ-0 என்ற தொகுப்பானை இயக்கினார். ஆகவே இது ஆண்களின் வேலை என்று சொல்ல வரலாறு இடம் தரவில்லை. இன்னொன்றையும் யோசியுங்கள் உம்மாமாரே, வாப்பாமாரே. பிள்ளையின் கையில் இருக்கும் தொலைபேசியைப் பற்றி உங்களுக்குப் பயம் இருக்கிறது. இலவச டேட்டா தருகிறோம், உடனடிக் கடன் தருகிறோம் என்று வரும் இணைப்பை அழுத்தலாமா கூடாதா என்று பிள்ளைக்கு யார் சொல்வது? தடை போட்டால் தடை எடுபட்ட நாளில் பிள்ளை அழுத்திவிடும். ஒரு மென்பொருள் என்றால் என்ன, அது உள்ளே வந்தால் என்னென்ன செய்ய முடியும் என்று கையால் செய்து பார்த்த பிள்ளை அழுத்துவதற்கு முன் யோசிக்கும்.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. விண்டோஸ் 10 இற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. அவை பாடசாலைகளிலும் வீடுகளிலும் தூசி பிடித்துக் கிடக்கப் போகின்றன. அப்படி ஒன்றை எங்கள் கணினிக் கழகத்துக்குத் தாருங்கள். ஒரு டிசெம்பர் விடுமுறையில் நான்கு மாணவிகள், ஓர் ஆசிரியையின் மேற்பார்வையில், அதை அடியில் இருந்து கட்டி எழுப்பட்டும். ஜென்டூவின் கைநூல் இலவசம். இன்னும் ஆழமாகப் போக விரும்புபவர்களுக்கு, ஜெராட் பீக்மன்ஸ் தொடக்கிய லினக்ஸ் பிரம் ஸ்கிரச் நூலும் இலவசம். அந்த நூலில் நேரத்தை மணித்தியாலத்தில் சொல்வதில்லை. முதற் பொதியைத் தொகுக்க உங்கள் கணினி எடுக்கும் நேரமே அளவு. மற்றவை அதன் எத்தனை மடங்கு என்று சொல்லியிருப்பார்கள். பழைய கணினி வைத்திருப்பவரும் வெட்கப்படத் தேவையில்லாத அளவுகோல் அது.

இரண்டு நூல்களையும் ஆங்கிலத்தில் வாசிக்கத் தயங்கும் தங்கைமாருக்காக, செய்தவர்கள் தமது குறிப்புகளை எங்கள் பாடநூல்களில் உள்ள தமிழ்ச் சொற்களிலேயே எழுதி வைக்கட்டும். எந்த இடத்தில் பிழைத்தது, எப்படித் திருத்தினோம் என்பதையும் சேர்த்து எழுதட்டும். அடுத்த மலரில் அது வரட்டும். பக்கத்துத் தோட்டப் பாடசாலைக்கும் ஒரு பிரதி போகட்டும்.

அந்த அக்கா கடைக்கு இன்னும் வருகிறார். “அந்த நம்பர் எப்புடி வருது?” என்ற அவருடைய கேள்விக்கு என்னிடம் இன்னும் விடை இல்லை. தராசின் விசைகளை அழுத்த எனக்குத் தெரியும். தொகைமதிப்புக் கணக்கில் நான் கணினி அறிவுள்ளவள். ஆனாலும் அவருக்குப் பதில் சொல்ல முடியாமல் வாப்பாவின் பக்கத்தில் பேசாமல் நின்றேன்.

தோழியரே, நம்மில் ஒருத்தியாவது ஒருநாள் அந்தத் தராசைச் செய்தவர்களிடம் போய், “உள்ளே இருப்பதைக் காட்டுங்கள்” என்று கேட்க வேண்டும். அவர்கள் காட்டினால், அதை வாசிக்கவும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.